பதில் தெரிந்த கேள்விகள்

மூன்று வயதுக் குழந்தைகள் இருக்கும் ஏதேனும் ஒரு மழலையர் வகுப்பின் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அங்குள்ள பெரியவர்கள் பேசுவதை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தால், பெரும்பாலும் மூன்று வகை வாக்கியங்களே அதில் நிறைந்திருக்கும். முதலாவது கட்டளை: "வரிசையில் நில்", "அதைத் தொடாதே". இரண்டாவது பாராட்டு: "சமத்து", "வெரி குட்". மூன்றாவது, கேட்பவருக்கு முன்பே பதில் தெரிந்த கேள்வி: "இது என்ன நிறம்?", "மாடு எப்படிக் கத்தும்?", "இங்கே எத்தனை பூ இருக்கிறது?" பேச்சிலும் மொழியிலும் தடங்கல் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். அதன் பொருட்டு இத்தகைய வகுப்புகளில் போய் உட்கார்ந்து கவனிப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி. குழந்தையைப் பேசவைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் கேட்கப்படும் அந்த மூன்றாம் வகை வாக்கியமே குழந்தையின் பேச்சை மிகவும் சுருக்கிவிடுகிறது என்பது அப்படிக் கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

காரணம் எளிமையானது. "இது என்ன நிறம்?" என்ற கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் பதில் கிடையாது. சரியான சொல் வந்துவிட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. வராவிட்டால் குழந்தை பலர் முன்னிலையில் தோற்றுவிடுகிறது. பதில் தெரிந்த குழந்தைக்கு அதில் பேச ஒன்றுமில்லை, தெரியாத குழந்தைக்கு வாய் திறக்கவே தயக்கம். பெரியவர்கள் தமக்குள் இப்படிப் பேசிக்கொள்வதே இல்லை. வெகுநாள் கழித்துச் சந்திக்கும் நண்பர் நம்மைப் பார்த்து, "உங்கள் சட்டை என்ன நிறம், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டால், அவர் உடல்நிலையைப் பற்றித்தான் நாம் கவலைப்படுவோம். ஆனால் எதிரில் இருப்பவர் இரண்டரை அடி உயரமாக இருந்துவிட்டால் அதே கேள்வி கல்வியாகிவிடுகிறது.

இது என் மனப்பதிவு மட்டுமன்று. பிரிட்டன் உளவியல் ஆய்வாளர்களான பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் நான்கு வயதை ஒட்டிய 30 சிறுமிகளின் பேச்சை, வீட்டில் தாயுடன் இருக்கும்போதும் மழலையர் பள்ளியில் இருக்கும்போதும் ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டு, 1984இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டில் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டு, ஒரு விஷயத்தை விடாமல் துருவி, நீண்ட உரையாடலில் ஈடுபட்ட அதே சிறுமிகள், பள்ளியில் கேள்வி கேட்பதையே ஏறத்தாழ நிறுத்திவிட்டு, ஆசிரியர் கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வசதி குறைந்த குடும்பங்களிலும் இதுவே நிலை; மொழி வறண்ட வீட்டிலிருந்து வரும் குழந்தைக்குப் பள்ளிதான் மொழியைக் கொடுக்கிறது என்ற நினைப்புக்கு இது நேர்மாறானது. அதே காலகட்டத்தில் ஹெதர் வுட், டேவிட் வுட் ஆகியோர் மழலையர் பள்ளி உரையாடல்களை ஆராய்ந்தபோது, ஆசிரியர் எவ்வளவுக்குக் கேள்விகளால் உரையாடலை நடத்தினாரோ அவ்வளவுக்குக் குழந்தைகளின் பதில்கள் குறுகியிருந்ததையும், கேள்விக்குப் பதிலாக அவர் தம் கருத்தையோ அனுபவத்தையோ சொன்ன இடங்களில் குழந்தைகள் தாமாகவே அதிகம் பேசியதையும் கண்டார்கள்.

ஆகவே ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கேள்வி கேட்பவராக இருப்பதைக் குறைத்து, குழந்தைக்கு மறுமொழி சொல்பவராக மாறுங்கள். குழந்தைதான் முதலில் தொடங்க வேண்டும். நம்முடையது இரண்டாவது முறை. தொடக்கம் சொல்லாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு பார்வை, நீட்டிய விரல், தூக்கிக் காட்டிய ஒரு பொம்மை எதுவானாலும் அது தொடக்கந்தான்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே தொட்டியில், ஒரே சிறுவனிடம், இரண்டு ஆசிரியைகள் பேசியதை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மூன்றரை வயதுச் சிறுவன் தண்ணீர்த் தொட்டியின் அருகே நின்று, ஒரு புனலின் அடித்துளையை விரலால் அடைத்துக்கொண்டு அதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். முதலாமவர் வந்தார்.

"இது என்ன, சொல்லு?"

"தெரியல."

"புனல். சொல்லு, புனல்."

"புனல்."

"வெரி குட். தண்ணி என்ன கலர்ல இருக்கு?"

அவன் புனலைப் போட்டுவிட்டு வேறு பக்கம் போனான். சிறிது நேரம் கழித்து அவனே அங்கே திரும்பி வந்தபோது இன்னொரு ஆசிரியை தொட்டியின் மறுபக்கம் முழங்காலிட்டு, ஒன்றும் கேட்காமல், தானும் ஒரு குவளையால் நீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன் நிமிர்ந்து பார்த்து, "நிக்குது" என்றான்.

"அட, தண்ணி நின்னுடுச்சே!"

"விரலு... இங்க வெச்சா நிக்குது."

"ஓ, புனல் ஓட்டையை விரலால அடைச்சா நின்னுடுது."

"எடுத்தா ஓடிப் போய்டும்."

"எல்லாத் தண்ணியும் ஒரேயடியா ஓடிப் போய்டுமா?"

அவன் விரலை மெல்ல விலக்கிப் பார்த்தான். "கொஞ்சமா எடுத்தா கொஞ்சமா வருது."

முதல் உரையாடலில் அவன் சொந்தமாகச் சொன்ன ஒரே சொல் "தெரியல" என்பது. இரண்டாவதில் "வெச்சா", "எடுத்தா" என்று நிபந்தனை வாக்கியங்களை அவனே அமைத்து, காரணத்தையும் விளைவையும் இணைத்து, ஒரு சோதனையையும் செய்து முடித்துவிட்டான். "புனல்" என்ற சொல்லும் அவன் காதில் விழுந்தது. அதுவும் அவன் கையும் கண்ணும் அந்தத் துளையின் மேல் இருந்த வேளையில் விழுந்தது. இந்தக் கடைசி விஷயத்துக்கு ஆய்வுச் சான்று உண்டு. மைக்கேல் டொமசெல்லோவும் ஜெஃப்ரி ஃபாராரும் 1986இல் ஒன்றரை வயதை ஒட்டிய குழந்தைகளிடம் செய்த சோதனையில், குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொன்னபோது அது நன்றாகப் பதிந்தது. அதன் கவனத்தை வேறொரு பொருளுக்குத் திருப்பிப் பெயர் சொன்னபோது அந்த அளவுக்குப் பதியவில்லை. இரண்டாம் ஆசிரியையும் ஒரு கேள்வி கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வியே கூடாதென்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் தொட்டியில் இருந்தது, அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவன் அந்தச் சிறுவன்.

இத்தகைய மறுமொழிக்கு முன்தேவை காத்திருத்தல். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் தொடக்கப்பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகச் சராசரியாக ஏறத்தாழ 1 வினாடியே காத்திருந்தது தெரியவந்தது. அதை 3 வினாடியாகக் கூட்டியவுடன் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கே இப்படியென்றால், கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, வாயசைவை ஒழுங்குபடுத்திப் பேச வேண்டிய இரண்டு வயதுக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் தேவை என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மனத்துக்குள் பத்து வரை எண்ணிப் பாருங்கள் என்று நான் சொல்வது வழக்கம். ஐந்து வருவதற்குள் பெரும்பாலோர் பொறுமை இழந்து தாமே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். அமைதியைக் கண்டு நமக்கு ஏற்படும் சங்கடம் குழந்தைக்கு ஏற்படுவதில்லை.

குழந்தை பேசிய பிறகு நாம் சொல்லும் மறுமொழி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் கைப்பழக்கம் தேவைப்படுகிறது. அடிப்படை முறை, குழந்தை சொன்னதை எடுத்துக்கொண்டு ஒரு படி மட்டும் கூட்டிச் சொல்வது. "வண்டி போச்சு" என்றால், "ஆமா, வண்டி பாலத்துக்கு அடியில போச்சு". "பாப்பா தூங்குது" என்றால், "பாப்பா போத்திக்கிட்டுத் தூங்குது". ஒரு சொல் பேசும் குழந்தைக்கு இரண்டு மூன்று சொல் வாக்கியமும், மூன்று சொல் பேசும் குழந்தைக்கு அதைவிடச் சற்று நீண்டதுமாக இருந்தால் போதும். அதை வாய்ப்பாகக் கொண்டு ஒரு பாடமே நடத்திவிடக் கூடாது. "திருப்பிச் சொல்லு" என்று வற்புறுத்துவதும் வேண்டாம். நாம் கூட்டிச் சொன்னது காதில் விழுவதே போதுமானது. சில நாள் கழித்து அது தானாக அதன் பேச்சில் தலைகாட்டும்.

பிழைகளையும் இதே வழியில்தான் அணுக வேண்டும். "நானுக்கு குடு" என்று கேட்கும் குழந்தை தப்பாகப் பேசுகிறது என்பதைவிட, "அம்மாவுக்கு", "அண்ணனுக்கு" என்ற வடிவங்களிலிருந்து ஒரு விதியைத் தானே பிரித்தெடுத்து, விதிவிலக்கான இடத்திலும் அதைச் செலுத்திப் பார்க்கிறது என்பதே உண்மை. அந்த வடிவத்தை எந்தப் பெரியவரும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. 1958இல் ஜீன் பெர்கோ, குழந்தைகளிடம் ஒரு கற்பனைப் பறவையின் படத்தைக் காட்டி, அதற்கு இல்லாத ஒரு பெயரைச் சூட்டி, அதே போல் இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். முன்பின் கேட்டிராத அந்தச் சொல்லுக்கும் குழந்தைகள் பன்மை வடிவத்தை உருவாக்கிச் சொன்னார்கள். குழந்தைகள் சொற்களை மட்டுமல்ல, விதிகளையும் சேர்த்தே கற்கிறார்கள் என்பதற்கு அது இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் சான்று. ஆகவே "நானுக்கு இல்லை, எனக்கு" என்று நிறுத்தித் திருத்துவதைவிடச் சரியான வடிவம் இயல்பாக வந்து விழும்படி பேசுவது மேல். ஆனால் இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. "உனக்கு வேணுமா, இந்தா" என்று நாம் மறுமொழி சொன்னால் குழந்தை கேட்பது "உனக்கு" என்பதையே அன்றி "எனக்கு" என்பதை அல்ல. அதனால் ஆசிரியரும் விளையாட்டில் சேர்ந்து, "எனக்கும் ஒண்ணு குடேன்" என்று தனக்காகக் கேட்க வேண்டும். தனக்கென்று எதையும் கேட்காத ஆசிரியரிடமிருந்து அந்த வடிவம் குழந்தையின் காதுக்கு வருவதற்கு வழியே இல்லை.

உச்சரிப்பைப் பற்றிய கவலை பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தேவைக்கு மேல் இருக்கிறது. மூன்று வயதில் மழையை "மயை" என்றும் சக்கரத்தைச் "சக்கலம்" என்றும் சொல்வது வளர்ச்சியின் இயல்பான கட்டம்; உதட்டொலிகள் முதலில் வருகின்றன, நாவை நுட்பமாக வளைக்க வேண்டிய ழகர ரகரங்கள் தாமதமாகவே படிகின்றன.

"குழந்தையிடம் நிறைய பேசுங்கள்" என்ற அறிவுரையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். இதற்கு வேர், பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி ஆகியோர் அமெரிக்காவின் கான்சாஸ் பகுதியில் 42 குடும்பங்களை மாதந்தோறும் கவனித்து 1995இல் வெளியிட்ட ஆய்வு. வசதியான குடும்பத்துக் குழந்தைக்கும் அரசு உதவித்தொகையில் வாழும் குடும்பத்துக் குழந்தைக்கும் இடையே நான்கு வயதுக்குள் 3 கோடிச் சொற்கள் அளவுக்கு இடைவெளி ஏற்பட்டுவிடுகிறது என்று அதிலிருந்து கணக்கிடப்பட்டது. அந்த எண் பெரும் புகழ் பெற்றது. ஆனால் உதவித்தொகைப் பிரிவில் இருந்தவை 6 குடும்பங்கள் மட்டுமே என்பது அவ்வளவு புகழ் பெறவில்லை. 2019இல் டக்ளஸ் ஸ்பெர்ரியும் அவருடைய குழுவினரும் வேறு குடும்பங்களில் ஆராய்ந்து, குழந்தையைச் சுற்றிலும் நடக்கும் பேச்சையும் கணக்கில் சேர்த்தபோது அந்த இடைவெளி அப்படியே தென்படவில்லை. சொற்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசும் முறைமாற்றத்தைப் பார்ப்பதே பயனுள்ளது என்று எனக்குத் தோன்றுகிறது. ரேச்சல் ரோமியோவும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் நான்கு முதல் ஆறு வயது வரையிலான 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, மூளைப் படமும் எடுத்து ஆராய்ந்தார்கள். கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி எவ்வளவு இயங்கியது என்பதோடு தொடர்பு கொண்டிருந்தது, குழந்தை கேட்ட மொத்தச் சொற்களின் எண்ணிக்கை அல்ல. பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய முறைகளின் எண்ணிக்கைதான். பட்ரிசியா கூல் 2003இல் வெளியிட்ட சோதனையும் இதையொட்டியதே. ஒன்பது மாதத்தை ஒட்டிய அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியை நேரில் பேசி விளையாடியபோது அதன் ஒலி வேறுபாடுகளை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள் அதே விஷயங்களைப் பேசிய காணொளியைப் பார்த்தவர்களும், ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. வகுப்பறையில் பாட்டுக் காணொளியை ஓடவிட்டு மொழிப் பயிற்சி என்று குறித்துக்கொள்வோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

இனி, இதையெல்லாம் ஒப்புக்கொள்ளும் ஆசிரியர் எழுப்பும் நியாயமான கேள்வி: இத்தனை குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருவரோடு எப்படி உட்கார்ந்து பேசுவது? இதற்கு விடை ஆசிரியரின் குணத்தில் இல்லை. அறையின் அமைப்பிலும் வேலைப் பங்கீட்டிலும் இருக்கிறது. இரண்டு பெரியவர்கள் உள்ள அறையில் இருவருமே நாள் முழுவதும் நடந்துகொண்டிருந்தால் யாருடைய உரையாடலும் இரண்டாம் வாக்கியத்தைத் தாண்டாது. ஒருவர் பொதுக் கண்காணிப்பைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் ஓரிடத்தில் தரையில் உட்கார்ந்து அசையாமல் இருப்பது என்று அரைமணிக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டாலே நிலைமை மாறிவிடுகிறது. உட்கார்ந்திருப்பவரிடம் குழந்தைகள் தாமே வருவார்கள். பெற்றோருக்கோ மேலாளருக்கோ அது வேலை செய்யாமல் இருப்பதுபோலத் தோன்றலாம். அவர்களிடம் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

சத்தம் இன்னொன்று. வகுப்பறையில் பாடம் நடக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டுதல். அமைதியான ஒரு நூலகத்தின் அளவு அது. நடைமுறையில் மழலையர் அறை எதிலும் அது சாத்தியமில்லை என்றாலும், வெறுந்தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்கும் அறையில் ஒரு விரிப்பும் திரைச்சீலைகளும் போடுவதும், காலையிலிருந்து யாரும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்துவதும் எவராலும் முடியும். பெரியவர்கள் இரைச்சலில் விட்டுப்போன ஒலிகளை அனுபவத்தால் நிரப்பிக்கொள்கிறோம். இப்போதுதான் சொற்களைக் கற்கும் குழந்தைக்கு நிரப்புவதற்கு எதுவுமில்லை. சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருக்கும் குழந்தைக்கு, அது சிறு வயதில் மிகச் சாதாரணமாக வருவது, இது இரட்டைச் சுமை.

மொழி வளர்ச்சிக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் மறுபரிசீலனை செய்யலாம். நாளில் மிகச் சிறந்த உரையாடல்கள் காலணி மாட்டும்போதும், கை கழுவும்போதும், உடை மாற்றும்போதும் அமைகின்றன. அப்போதுதான் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் முகத்துக்கு முகம் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் அது நடப்பதால், அடுத்து வரப்போகும் சொல்லைக் குழந்தையால் எதிர்பார்க்க முடிகிறது. ஒரு காலில் காலணியை மாட்டிவிட்டு மறு காலணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்து பாருங்கள்: அதுவரை பேசாத குழந்தைகூட "இன்னொண்ணு" என்று சொல்லிவிடும், அல்லது காலையாவது நீட்டும். அவசரத்தில் இந்த நிமிடங்கள் மௌனமாகக் கழிந்துவிட்டு, பிறகு இருபது பேரை வட்டமாக உட்காரவைத்து "மொழி நேரம்" நடத்தப்படும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் பேசக்கூட முறை வருவதில்லை.

கதைப் புத்தகத்துக்கும் இதே கணக்குத்தான். நான்கைந்து பேருக்கு மேல் கூடினால் அது நிகழ்ச்சியாகிவிடுகிறது. குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவர் குழுவினரும் 1988இல், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சிறு மாற்றத்தை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள்: படித்துக்காட்டுவதற்குப் பதிலாகக் குழந்தை கதை சொல்லும்படி இடம் விட்டு, அது சொன்னதை விரித்துச் சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில், வழக்கம்போலப் படித்துக்காட்டப்பட்ட குழந்தைகளைவிட இவர்களின் பேச்சு தெளிவாக முன்னேறியிருந்தது. தமிழில் படித்துக்காட்டுவோருக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் இருக்கிறது. புத்தகம் "ஓடிச் சென்றது" என்று எழுத்துத் தமிழில் பேசுகிறது. குழந்தைக்குத் தெரிந்தது "ஓடிப் போச்சு". சிலர் அச்சில் உள்ளதை அப்படியே ஒப்பிக்கிறார்கள், சிலர் முழுவதையும் பேச்சுத் தமிழாக்கிவிடுகிறார்கள். முதல் சில தடவை பேச்சு நடையில் கதையைச் சொல்லி, கதை பழகிய பின் அச்சில் உள்ளபடி படிப்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரிந்த குழந்தைக்குப் புதிய வடிவம் தடையாக இருப்பதில்லை. ஒரே புத்தகத்தைக் குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்பது பெரியவர்களுக்குச் சலிப்பூட்டினாலும், வேலை நடப்பது அந்தத் திரும்பப் படித்தலில்தான்.

வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியுமாக வளரும் குழந்தைகளைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இன்னமும் பல பெற்றோருக்கு வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லி அறிவுரை தரப்படுகிறது. இரண்டு மொழிகள் மொழித் தடங்கலை உண்டாக்குவதில்லை. இரண்டையும் கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளமும் அன்று. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே சொற்கள் குறைவாகத் தோன்றலாம். இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். பெற்றோர் தமக்குத் தடுமாற்றம் தரும் மொழியில் பேசத் தொடங்கினால், இதுவரை நான் சொல்லிவந்த மறுமொழிகள்தான் முதலில் வற்றும்.

பேசாத குழந்தையை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். கவனத்துக்குத் தப்புவது, ஓரளவு பேசிக்கொண்டே, சொல்வதைச் சரிவரப் புரிந்துகொள்ளாமல் இருக்கும் குழந்தை. "கையைக் கழுவிட்டு வந்து உட்காருங்க" என்றதும் எல்லோரும் எழுந்தால் அதுவும் எழுகிறது, எல்லோரும் போகும் பக்கம் போகிறது. சொல்லைப் புரிந்துகொண்டு போனதா, மற்றவர்களைப் பார்த்துப் போனதா என்பது தெரிவதில்லை. தனியாக இருக்கும்போது, சைகை எதுவும் காட்டாமல், வழக்கத்துக்கு மாறான ஒன்றைச் சொல்லிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: "பொம்மையை நாற்காலிக்கு அடியில வை". இப்படிப்பட்ட குழந்தைக்குப் பிடிவாதக்காரன், கவனமில்லாதவள் என்ற பெயர்கள் சீக்கிரமே வந்து ஒட்டிக்கொள்கின்றன. செவித்திறனிலோ அறிவுத்திறனிலோ வெளிப்படையான காரணமின்றித் தொடரும் இந்த நிலையை 2017இல் டோரத்தி பிஷப் தலைமையிலான வல்லுநர் குழு வளர்ச்சிசார் மொழிக் கோளாறு என்ற பெயரில் அழைக்கப் பரிந்துரைத்தது. நூற்றுக்குச் சுமார் 7 குழந்தைகளுக்கு இது இருக்கிறது. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய இரண்டு பேர். மறுமொழி சொல்லும் ஆசிரியர் இவர்களுக்கும் உதவுகிறார், ஆனால் அது மட்டும் இவர்களுக்குப் போதாது.

அதனால் எப்போது வெளியே உதவி கேட்க வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். ஒரு வயதைத் தாண்டியும் விரல் நீட்டிக் காட்டாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை. இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்க்காத குழந்தை. மூன்று வயதைக் கடந்தும் வெளியாட்களுக்குப் பேச்சே விளங்காத குழந்தை. எந்த வயதிலும் இருந்த சொற்களை இழந்துவிடும் குழந்தை: இவர்களின் விஷயத்தில் "பையன்கள் தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்று காத்திருக்கக் கூடாது. முதலில் செவிப் பரிசோதனை, பிறகு மற்றவை. திக்கல் வேறு வகை. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கும் திக்கல் பெரும்பாலோருக்குத் தானே விலகிவிடுகிறது என்றாலும், யாருக்கு விலகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாதென்பதால் அவர்களையும் காட்டிவிடுவதே நல்லது. "மெதுவா பேசு", "மூச்சை இழுத்துக்கிட்டுப் பேசு" என்று சொல்லாமல், ஆசிரியர் தன் பேச்சை நிதானமாக்கிக்கொண்டு, குழந்தை சொல்லி முடிக்கும் வரை கேட்டால் போதும்.

என்னிடம் குழந்தைகளை அனுப்பும் வகுப்புகளிலிருந்து பொதுவாக வரும் குறிப்பு, "பேச்சு குறைவு, கவனம் இல்லை" என்ற ஒரே வரிதான். அதை வைத்துக்கொண்டு என்னால் எதையும் தொடங்க முடிவதில்லை. அதற்குப் பதிலாக, ஒரு வார காலத்தில் குழந்தை உண்மையிலேயே சொன்ன வாக்கியங்களில் சிலவற்றை, பிழையைத் திருத்தாமல், அது உச்சரித்தபடியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் சற்று முன் என்ன நடந்தது, அருகில் யார் இருந்தார், அதற்கு நீங்கள் என்ன மறுமொழி சொன்னீர்கள், அதன்பின் குழந்தை மேற்கொண்டு பேசியதா என்பதையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறேன். வீட்டில் என்னென்ன மொழிகள், அங்கே எப்படிப் பேசுகிறது என்பதைப் பெற்றோரைக் கேட்டு எழுத வேண்டும். எந்தச் சொற்களைப் புரிந்துகொண்டது, எதற்கு மற்றவர்களைப் பார்த்து நடந்துகொண்டது என்பதையும் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் தேவையில்லை. அந்தப் பக்கத்தோடு வரும் குழந்தைக்கு முதல் சந்திப்பிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட முடிகிறது. அதை எழுதுவதற்காகக் குழந்தையின் அருகில் உட்கார்ந்த ஆசிரியரோ, பல வேளைகளில், குழந்தை என்னிடம் வருவதற்கு முன்பே அதைத் தொடங்கியிருக்கிறார்.